கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி

லார்க்பி ஸ்டேஷன், நார்ஃபோக்
1889 அக்டோபர் 13

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

சைலஸ் எழுதுவது. இங்கே நானும் கெசையாவும் எட்டுக் கோழிகளும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்க்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

நேற்று மாலை ரயிலின் கார்டு லண்டன் பேப்பர் ஒன்றை என் கைகாட்டிக் கூண்டுக்குள் வீசிவிட்டுப் போனார். பிரித்தால் முதல் பக்கத்திலேயே பெல்லோ சந்து! உன் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற அதே சந்து! லிடியா என்ற பெண்ணை வியாழக்கிழமை விடியுமுன் கழுத்தறுத்துப் போட்டிருக்கிறான். போன வருஷம் வொயிட்சாப்பலையே நடுங்கவைத்த பாவிதான் திரும்பி வந்துவிட்டான் என்று பேப்பர்காரன் அடித்துச் சொல்கிறான். அக்கா, ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொள். அந்த வீட்டில் பதினோரு குடும்பம் இருப்பதால் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் அறைக் கதவையாவது போடு.

எனக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. அந்தச் சந்துக்கு ஒரே வாய். ரோந்துப் போலீஸ்காரர் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த வாயைக் கடக்கிறார். எதிரே பால்காரம்மா கடை. ஒருவன் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லையாம். பத்தொன்பது வருஷமாக வண்டிக்கு வழிவிடுகிறவன் நான். ஒரு பாதைக்குள் போன வண்டி மறுபக்கம் வரவேண்டும், இல்லை உள்ளேயே நிற்கவேண்டும். இரண்டும் இல்லாமல் மாயமான வண்டியை நான் கண்டதில்லை.

சந்து எத்தனை அடி நீளம், உன் பக்கத்து வேலி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. நான் இதைச் சொல்லச் சொல்ல கெசையா, "அவங்க உசுரோட பத்திரமா இருக்காங்களான்னு மொதல்ல கேளுங்க. அடி அளக்குறதெல்லாம் அப்புறம்" என்கிறாள். ஆகவே முதலில் அதைக் கேட்கிறேன்.

உன் தம்பி
சைலஸ்

*

வொயிட்சாப்பல்
அக்டோபர் 17

அன்புத் தம்பி சைலஸுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி மட்டும் குளிரோடு சேர்ந்து வந்துவிட்டது, அது வருஷா வருஷம் வரும் விருந்தாளி. கெசையாவுக்கு என் அன்பு. உயிரோடு பத்திரமாக இருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

லிடியாவை எனக்கு நன்றாகத் தெரியும். பூட்ஸ் கயிறு விற்பாள். போன மாதம் என்னிடம் ஊசி இரவல் வாங்கினாள், மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தெருவில் என்னிடம் ஊசி வாங்கித் திருப்பிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். பேப்பரில் அவளைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். ஊசியைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அன்று காலை ஆறு மணிக்குத் தெருவில் ஒரே கூச்சல். கறிக்கடை வேலையாள் ஒருவன் எப்போதும்போல ரத்தக்கறை ஏப்ரனோடு வந்திருக்கிறான். "இவன்தான்டா, புடிங்கடா!" என்று நூறு பேர் சேர்ந்து அடித்துத் துவைத்துவிட்டார்கள். ஒரு பக்கத்துக் கண் போய்விட்டதாம். அந்தச் சத்தம் ஓயுமுன் போலீஸ்காரர் என் கதவைத் தட்டினார்.

"விடியக்காலைல இந்த வழியா யாராச்சும் வந்தாங்களாம்மா? கொல்லைல யாராச்சும் கை கால் கழுவினாங்களா?"

"ஈ காக்கா வரல ஐயா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பிணவிசாரணையிலும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேதப்புத்தகத்தில் கை வைத்து அதையே சொன்னேன்.

சந்து நாற்பத்தொரு அடி. வேலி ஆள் உயரம், மேலே ஆணி அடித்திருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. கொல்லை வாளி ஓட்டையாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன். சாக்குத் தையல் நிறைய வருகிறது.

ஆசிகளுடன்
ஹெஸ்டர்

*

லார்க்பி
அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. முழங்காலுக்கு வாத்துக்கொழுப்பு ஒரு டப்பா கெசையா அனுப்புகிறாள். நாங்கள் சுகம், என் இடுப்பைத் தவிர. அதன் கதை கீழே வருகிறது.

மூன்று வழிகளை யோசித்துத் தள்ளிவிட்டேன். ஒன்று, சாக்கடை. சந்துச் சாக்கடையில் பூனையே தட்டுத்தடுமாறித்தான் நுழையும். இரண்டு, போலீஸ் உடுப்பு. அப்படியானால் ரோந்துக்காரர் சக போலீஸ்காரனைப் பார்த்து நாலு வார்த்தை பேசாமல் விட்டிருப்பாரா? அவர்கள் பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டே அலைகிறவர்கள். மூன்று, கூரை. இதைச் சோதித்துப் பார்க்க நம் சரக்குக் கொட்டகைக் கூரையில் ஏறினேன். ஸ்டேஷன் மாஸ்டர் கீழே நின்று, "சைலஸ், உனக்கு என்னய்யா ஆச்சு? கெசையா வீட்ட விட்டுத் துரத்திட்டாளா?" என்று கத்தினார். பதில் சொல்லத் திரும்பியதில் கால் வழுக்கிவிட்டது. ஆகவே கூரையும் இல்லை.

இப்போது என் முடிவைக் கேள். அவன் ஏறவும் இல்லை, ஒளியவும் இல்லை. சாதாரணமாக நடந்துதான் போயிருக்கிறான். தெரு வழியாக இல்லை, ஏதோ ஒரு வீட்டு வழியாக. உங்கள் பக்கத்து வீடுகளில் நடைவழி வாசலிலிருந்து கொல்லை வரை திறந்தே கிடக்கும். எந்த நேரத்தில் யார் காலடி கேட்டாலும் மாடிக்காரர் வேலைக்குப் போகிறார் என்று புரண்டு படுப்பீர்கள். எந்த வீட்டுக் கொல்லை சந்தோடு ஒட்டியிருக்கிறது? யோசித்து எழுது. நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டால் பேப்பரில் என் பெயரும் வரும்!

இடுப்பைத் தேய்த்துக்கொண்டே
சைலஸ்

*

வொயிட்சாப்பல்
அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

சுகம். வாத்துக்கொழுப்பு வந்தது. கெசையாவுக்கு நன்றி சொல்.

ஜெத்ரோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அத்தானோடு குதிரை அறுக்கும் கொட்டடியில் வேலை பார்த்தவன். அவர் போனபோது சவப்பெட்டியின் கால்மாட்டைத் தூக்கியவன், உனக்கு முகம் ஞாபகம் இருக்கும். அன்று காலை நாலே காலுக்கு மேல் அவன் முழங்கைவரை ரத்தத்தோடு பெல்லோ சந்துப் பக்கம் போனதைப் பால்காரம்மா பார்த்தாளாம். டாக்டர் கொலை நடந்த நேரமும் அதுதான் என்கிறார். வீட்டில் அவன் கத்தி இருந்ததாம். குதிரை அறுக்கிறவன் வீட்டில் கத்தி இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

அவன் பெண்டாட்டி டார்கஸுக்கு ஏழாம் மாதம். நேற்று என்னிடம் வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை.

எனக்கு இப்போது அதிகம் எழுத ஓடவில்லை. நீயும் இந்தச் சந்துக் கணக்கை விட்டுவிடு.

ஹெஸ்டர்

*

லார்க்பி
அக்டோபர் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் சின்னதாக இருந்தது, காய்ச்சலா?

ஜெத்ரோவா! அவன் ஈ அடிக்கவே இரண்டு தரம் யோசிப்பவனாயிற்றே. அடக்கத்தன்று என்னைவிட அதிகமாக அழுதவன் அவன்தான். இந்த ஆள் இல்லை, அக்கா. நான் நிரூபிக்கிறேன் பார்.

கொன்றவன் கை முழுக்க ரத்தம் இருந்திருக்கும். ஜெத்ரோ மாதிரி ஆட்கள் ரத்தத்தோடு நடந்தால் உங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. வேறு எவன் அப்படி நடந்தாலும் பெரிய தெருவைத் தாண்டமுடியாது. ஆகவே அவன் கழுவியிருக்கிறான். எங்கே கழுவியிருப்பான்? சந்துக் குழாயில் காலை ஏழிலிருந்து எட்டுவரைதான் தண்ணீர். நாலு மணிக்குத் தண்ணீர் இருக்கவேண்டுமானால் யாரோ முந்தின நாளே பிடித்துவைத்திருக்கவேண்டும். இன்றைய பேப்பரில் ஜெத்ரோவின் வாக்குமூலம் வந்திருக்கிறது. வேலை முடிந்து தினமும் ஒரு விதவை வீட்டுக் கொல்லையில் கை கழுவுவானாம், அன்று நாலரைக்குப் போனபோது வாளித் தண்ணீர் முன்னமே சிவந்திருந்ததாம். அந்த விதவையோ யாருமே வரவில்லை என்று சத்தியம் செய்துவிட்டாளாம். அவள் பெயரைப் போடவில்லை. அவளைப் பிடித்து நாலு கேள்வி கேட்டால் போதும். சந்தை ஒட்டிய கொல்லை, வேலியில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருக்கும், அதை நகர்த்தி நாமே குழாய்க்குப் போயிருக்கிறோமே, அங்கே நம் அத்தான் தன் ஆட்களுக்கென்று வாளி

வண்டி வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

சை.

*

லார்க்பி
நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன கடிதத்தை அப்படியே அனுப்பியிருக்கக் கூடாது. கெசையா கையில் இருந்த கரண்டியை என்மேல் எறிந்தாள். "அறிவு இருக்கா உங்களுக்கு? எழுதுறதுக்கு முன்னாடி யாருக்கு எழுதுறோம்னு பாக்கமாட்டீங்களா?" என்றாள்.

இனி வழி, நேரம், அடிக்கணக்கு எதையும் கேட்கமாட்டேன். நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, நீ என் அக்கா. அம்மா போன பிறகு என் தலையைச் சீவிவிட்டவள் நீ. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு வருகிறது.

தம்பி
சைலஸ்

*

வொயிட்சாப்பல்
நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

உடம்பு சுகம். மனது சுகமில்லை. காலுறை வந்தது, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்துவிட்டாய். போலீஸ் அத்தனை பேருக்கும் தெரியாதது, நூறு மைலுக்கு அப்பால் கூண்டுக்குள் இருக்கிற உனக்குத் தெரிந்துவிட்டது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் நீ வேறு பக்கம் திரும்பிவிடமாட்டாயா என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன்.

உன் அத்தான் இருந்தபோது ஏற்பட்ட பழக்கம் அது. ரத்தக் கையோடு தங்கள் பிள்ளைகள் முன்னால் போய் நிற்க இவர்களுக்குக் கூசுகிறது என்பார் அவர். கொட்டடியிலிருந்து நாலு பேர் வந்து நம் கொல்லையில் கழுவிக்கொண்டு போவார்கள். அவர் போன பிறகு வருகிறவன் ஜெத்ரோ மட்டும்தான். ஆறு வருஷமாகப் படுக்கப்போகுமுன் வாளியை நிரப்பிவைத்து, கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சாக்குத் துண்டை மாட்டிவைப்பேன். அவன் வரும்போது நான் விழித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். வந்ததும், "அண்ணி, தண்ணி என்ன இப்பிடிக் குளிருது?" என்று தினமும் குறைசொல்லுவான். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நன்றி என்று சொன்னதில்லை, அவன் எனக்கு இன்னொரு தம்பி மாதிரி.

அன்று பலகை நகரும் சத்தம் கேட்டது. வாளி அசைந்தது. கோயில் மணி நாலு அடித்துக்கொண்டிருந்தது. என்ன இது, ஜெத்ரோ இவ்வளவு சீக்கிரம் என்று நினைத்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தேன். சன்னல் மூடியிருந்தது. நான் எழுந்து பார்க்கவில்லை. வெளியிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"துண்டு எங்கம்மா இருக்கு?"

"கதவுக்குப் பின்னாடி, ஆணில. உனக்குத் தெரியாததா? காலடில பூனை படுத்திருக்கும், மிதிச்சிடாத" என்றேன்.

"ரொம்ப நன்றிம்மா."

பிறகு நடைவழியில் காலடி. அவசரமே இல்லை. தெருவுக்குப் போய்விட்டான். அவனுக்கு வழி தெரியாது, தண்ணீர் இருப்பதும் தெரிந்திருக்காது. பலகையைத் தள்ளினான், வாளி இருந்தது. துண்டு இருக்கும் இடத்தை நான் என் வாயாலேயே சொன்னேன், தம்பி. என் பூனைக்குப் பரிந்து வேறு பேசினேன்.

அரை மணி கழித்து மறுபடி வாளிச் சத்தம். "அண்ணி! தண்ணிய மாத்தலியா? ஏற்கனவே செவப்பா கெடக்குதே!" என்றது ஜெத்ரோவின் குரல். அப்போதுதான் முன்னால் வந்தவன் ஜெத்ரோ இல்லை என்று புரிந்தது. ஆனாலும் விஷயம் இன்னதென்று தெரியாது. வேறு எவனோ கொட்டடி ஆள் வந்துவிட்டான் என்று எண்ணி, தண்ணீரைக் கொட்டி, சமையலுக்குப் பிடித்துவைத்திருந்ததை ஊற்றிக்கொடுத்தேன். அவன் கழுவிக்கொண்டு போனான். சந்து வழியாக வந்தும், லிடியா கிடந்தது அந்தக் கும்மிருட்டில் அவன் கண்ணில் படவில்லை. அடுத்த பத்தாவது நிமிஷம் சந்தில் யாரோ அலறினார்கள்.

போலீஸ்காரர் கேட்டபோது அந்தக் கறிக்கடைப் பையனை அடித்த கூச்சல் என் காதில் இருந்தது. ஜெத்ரோ வந்தான் என்று சொன்னால் அவனை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. அவனைக் காப்பாற்றத்தான் யாரும் வரவில்லை என்றேன். இப்போது அதே சொல்லால் அவனுக்குத் தூக்குக்கயிறு திரிக்கிறார்கள். வாரா வாரம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அவன், "அண்ணியக் கேளுங்க, அண்ணிக்குத் தெரியும்" என்றே சொல்கிறானாம். அவர்கள் என் சத்தியத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்.

டார்கஸ் மறுபடி வந்தாள். திறந்தேன். "அக்கா, அவரு அன்னிக்கு வந்தாரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு மட்டும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். அவளுக்குமே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது, சைலஸ். நான் கொடுத்த சந்தேகம். நான் குனிந்து தையலை எடுத்துக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் பொய்ச் சத்தியத்துக்கு என்னைச் சிறையில் போடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. லிடியாவைக் கொன்றவனுக்குத் தண்ணீரும் துண்டும் கொடுத்தவள் நான் என்று இந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதை நினைத்துத்தான் போலீஸிடம் போகாமல் இருக்கிறேன். நான் கெட்டவளா, தம்பி?

ஹெஸ்டர்

*

லார்க்பி
நவம்பர் 23

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை நானும் கெசையாவும் சேர்ந்து படித்தோம். அவள் அழுதாள். நீ கெட்டவள் இல்லை. குளிரில் வந்தவன் எவனாயிருந்தாலும் துண்டு இருக்கும் இடத்தைச் சொல்லியிருப்பாய். அது உன் சுபாவம், குற்றம் அவனுடையது.

கெசையாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றை இன்று அவளிடம் சொன்னேன், உனக்கும் எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூடுபனி நாளில் கைகாட்டியைத் தவறாக இறக்கிவிட்டேன். எஞ்சின் போய் மாட்டுப் பெட்டியில் இடித்தது. மனிதர் யாரும் சாகவில்லை, ஆறு மாடு செத்தது. விசாரணையில் பெட்டியைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டான் என்று போர்ட்டர் வால்டர்மேல் பழி விழுந்தது. நான் சும்மா நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், நான் தொப்பியைப் பார்த்தேன். வேலை போய், வீட்டைக் காலிசெய்துகொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு என் கூண்டுக்குக் கீழேயே நடந்து போனான். எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. மூடுபனி வந்தால் இப்போதும் நான் படியை எட்டிப் பார்க்கிறேன்.

ஊரே மெச்சும் கண்டுபிடிப்பாளனாக நான் எழுதிய கடிதங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொலைகாரன் எப்படித் தப்பினான் என்று தேடினேன், நான் எப்படித் தப்பினேன் என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஜெத்ரோ எங்கே இருக்கிறான் என்பது மட்டும் உனக்குத் தெரியும். அந்த வசதி எனக்கு இல்லை.

நீ போவதானால் தந்தி கொடு. விடுப்புக் கேட்டிருக்கிறேன். வாசலில் நிற்க ஒரு தம்பி இருப்பான்.

சைலஸ்

*

வொயிட்சாப்பல்
டிசம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்து சந்தோஷம். அந்த இரண்டு நாளும் போலீஸ் ஸ்டேஷனில் நீ என் பக்கத்தில் நின்றதை மறக்கமாட்டேன். கெசையாவின் கேக்கில் பாதியை டார்கஸ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்ட அந்த அதிகாரி, கொட்டடி மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். மணி நாலு அடித்தபோது ஜெத்ரோ தன்னோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான் என்று அவர் முதலிலேயே சொன்னாராம். கொலை நாலே காலுக்கு மேல் என்று இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாலு மணிக்கே இன்னொருவன் கழுவிக்கொண்டு போனான் என்று நான் சொன்ன பிறகுதான் கணக்கு மாறியது. மறுபடியும் டாக்டரைக் கேட்டார்கள். குளிர் ராத்திரியில் அரை மணி முன்பின் இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கால் மணி நேரம் திட்டினார். "பெண்ணே, நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே அந்த மனிதனைத் துரத்திப் பிடித்திருக்கலாம்" என்றார். அது நிஜம். அடிபட்ட நாய் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். சிறையில் போடவில்லை, நானாக வந்து சொன்னதற்காக விட்டார். ஜெத்ரோவை விடுதலை செய்தார். அவன் என் பக்கம் திரும்பாமலே வெளியே போனான்.

சாக்குக் கொடுக்கிற ஏஜெண்டு இனி வராதே என்றுவிட்டார். என் கதவில் யாரோ ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், உள்ளே சிவப்புச் சாயம். தெருவில் போனால், "ஏ தண்ணிக்காரி! அடுத்தவன் எப்ப வர்றான்? சோப்பும் வெச்சிருக்கியா?" என்கிறார்கள். வீட்டுக்காரர் வேலிப் பலகையை ஆணியடித்து, வாசலுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

லிடியாவின் குழிக்குப் போனேன். என் ஊசி ஒன்றை மண்ணில் குத்திவைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஹெஸ்டர்

*

லார்க்பி
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இங்கே வந்துவிடு. பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. கெசையா, "கோழிங்க எல்லாம் அவங்கள கேட்டுச்சுன்னு எழுதுங்க" என்கிறாள்.

கம்பெனிக்குப் பழைய விஷயத்தை எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். "பன்னெண்டு வருஷம் கழிச்சு இத ஏன்யா தோண்டுறே?" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார். மூன்று ஸ்டேஷன்களுக்கு வால்டரை விசாரித்து எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. தேடிக்கொண்டிருப்பேன்.

சைலஸ்

*

வொயிட்சாப்பல்
1890 ஜனவரி 12

அன்புத் தம்பி சைலஸுக்கும் கெசையாவுக்கும்,

நான் சுகம். புது வருஷம் உங்களுக்கு நன்றாக அமையட்டும். கோழிகள் என்னை மன்னிக்கவேண்டும், நான் வரவில்லை. பக்கத்துத் தெரு சலவைக்காரியிடம் வேலை கிடைத்திருக்கிறது. அவள் ஐரிஷ்காரி, யார் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவன் யார் என்று இன்னமும் தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை என்று நினைக்கிறேன். தெருவில் யாராவது தணிந்த குரலில் நன்றி சொன்னால் இப்போதும் திரும்பி முகத்தைப் பார்க்கிறேன். கடையில் ஒரு பாதிரியார் அப்படிச் சொல்லப்போய், கையில் இருந்த முட்டையைப் போட்டுவிட்டேன்.

ஜெத்ரோவைக் கொட்டடி வேலையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். டார்கஸுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெண் பிறந்தது. நான் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அவன் வேலை முடிந்து சுற்றுவழியில் போவதாகக் கேள்விப்பட்டேன். கொட்டும் பனியில் ரத்தக் கையோடு அவ்வளவு தூரம். போகட்டும், ஐந்தாறு வாரம் உள்ளே இருந்தவன்.

ஆனாலும் புது வாளி வாங்கி, படுக்குமுன் நிரப்பிவைத்தேன். துண்டைத் துவைத்து மாட்டினேன். நாலேகாலுக்கு எழுந்து வாசல் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன், ஐந்து மணிக்கு மறுபடி போடுவேன். மாடிக்காரி பார்த்துவிட்டு, "பட்டது பத்தாதா உனக்கு?" என்றாள். முப்பத்தெட்டு நாள் ஒருவரும் வரவில்லை. காலையில் மேலே படிந்த பனிக்கட்டியை உடைத்துக் கொட்டுவேன்.

நேற்று நாலரைக்கு வாசல் கதவு திறந்தது. நடைவழியில் கனத்த காலடி. என் கதவுக்கு நேரே வந்ததும் நின்றது. பிறகு காலடி கொல்லைக்குப் போனது. வாளி அசைந்தது. வெகுநேரம் கழுவினான். அடுத்து வருவதற்காகக் காத்திருந்தேன். துண்டு எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே, சாமி, கேட்டுவிடாதே என்று கையைப் பிசைந்தேன்.

கேட்கவில்லை. கொல்லைக் கதவு கிரீச்சென்று இழுபட்டது, பின்னால் ஆணியிலிருந்து துண்டை உருவும் சத்தம் கேட்டது.

"என்ன அண்ணி, தண்ணி இப்பிடிக் குளிருது? மனுசன் கை கழுவ வேணாமா?"

"நாளைக்கு வெந்நி கலந்து வெக்கிறேன்" என்றேன்.

அவன் நன்றி சொல்லாமல் போய்விட்டான்.

இப்படிக்கு, வெந்நீருக்கு அடுப்பு மூட்டப்போகும்
உன் அக்கா
ஹெஸ்டர்